நைட்ரஜனுக்கு வாசம் கிடையாது

இன்று காலை டீத்தூள் பொட்டலத்தைப் பிரித்ததும் எழுந்த வாசனையில், சூரியநெல்லிப் பக்கம் எங்கள் எஸ்டேட் ஃபாக்டரியின் சுவரை ஒட்டி நின்ற தகரக்கொட்டகைப் பள்ளிக்கூடம் கண்முன் வந்துவிட்டது. இப்போது அந்த இடத்தில் ஏதோ விடுதிக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. எழுபதுகளில், பச்சை இலையை வாட்டும் பெரிய காற்றாடிகளின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பாடம் நடத்தியே செல்லம்மா டீச்சருக்கு எப்போதும் தொண்டை கட்டியிருக்கும்.

டீச்சரின் வேலை நிரந்தரமாவது பள்ளி ஆய்வாளரின் கையில் இருந்ததால், அவர் வருவதற்கு முந்தைய வாரம் முழுக்க, காற்றில் இருப்பவை நைட்ரஜன், பிராணவாயு, கரியமில வாயு என்று எங்களை ஓத வைத்தார்.

மலையாளியான ஆய்வாளர் வந்ததும் என்னைத்தான் எழுப்பினார்.

"காற்றில் எந்தெல்லாம் உண்டு, மோளே?"

படித்தது அத்தனையும் பறந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் மூக்கை நன்றாக உறிஞ்சிப் பார்த்தேன்.

"வாடுன இலை, வெறகுப் புகை, நனைஞ்ச கம்பளி, அப்புறம் சார் தலையில தேச்ச எண்ணெய்."

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ நைட்ரஜன்?"

"இருக்கும் சார். அதுக்குத்தான் வாசமே கெடையாதே!"

ஆய்வாளர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அது சரியாணு! டீச்சரே, பயப்படண்டா. உங்க ஜோலி ஒறப்பு, நிரந்தரம்தான்."

அதுவரை அடக்கியிருந்த மூச்சை டீச்சர் விட்ட வேகத்தில், பிராணவாயு தீர்ந்தால் தீ அணையும் என்று தம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவதற்காக ஏற்றி வைத்திருந்த மெழுகுவர்த்தி அணைந்துபோனது.