மதிப்புரைக்குப் பின் ஏற்புரை

புதுக் கவிதைத் தொகுப்புகளுக்கு மதிப்புரை சொல்லும் வேலையில் படிப்பது சுலபம்; படித்ததைக் கவிஞர் முன்னாலேயே சொல்வதுதான் கண்டம். மேடையேறிச் சூடுபட்ட சக விமர்சகர்களே, உங்களுக்குத்தான் இது.

பேனர் முந்திக்கொண்டது

பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆய்வு செய்கிறேன், ஊர் பாகூர். போன மாதம் கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் 'மதிப்புரை' என்று என் முகம் நூல் வெளியீட்டு விழா பேனரில் தொங்கியது. புத்தகம் இன்னும் என் கைக்கே வரவில்லை. கவிஞர் யாரென்றால், எங்கள் நிலக்காரர். அவர் நிலத்தைத்தான் அப்பா குத்தகைக்குப் பயிர் வைக்கிறார், பத்திரம் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. போனில் கொதித்தேன்: "என்னக் கேக்காம எப்படிப் போடலாம்?" அவர் சிரித்தார்.

"நம்ம வூட்டுப் பொண்ணு, உன்ன இன்னாம்மா கேக்கறது?"

சேறு யாருடையது?

தொகுப்பு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் 'என் காலில் ஒட்டிய சேறு', 'நான் நட்ட நாற்று'. இந்த 'நான்' காரை விட்டு இறங்கி வரப்பில் நின்றதுகூட இல்லை. வீட்டில் கத்தினேன்: "உன் உழைப்பத் திருடி எழுதியிருக்காருப்பா!" அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"சேத்த அவரே வெச்சிக்கட்டும். நெலத்த புடுங்கிட்டா நான் எங்கம்மா போவேன்? நல்லாக்கீதுன்னுட்டு எறங்கிடு."

சால்வை முதலில்

நம் தொழிலில் பேசுவதற்கு முன்பே சால்வை போர்த்திவிடுவார்கள். வாயைக் கட்ட அதைவிட நல்ல துணி கிடையாது. கல்யாண மண்டபம், கடைசி வரிசையில் அப்பா. நன்றாயிருந்த நான்கைந்து வரிகளை மனசாரப் பாராட்டினேன். போதும் என்று அப்பா தலையாட்டினார். போதவில்லையே எனக்கு! "ஐயா, உழாதவர் 'நான் உழுதேன்' என்று எழுதினால் அது கவிதையா, அபகரிப்பா?"

கேட்டுவிட்டு இருக்கைக்குத் திரும்பினேன். உட்கார்ந்ததும், கூட்டத்தை நடத்திய ஆசிரியர் என் பக்கம் குனிந்தார்.

"அடுத்தது ஏற்புரை. அவரு பேசனப்புறம் நீ எழுந்து பேச முடியாதும்மா, தெரியுமில்ல?"

கடைசி மைக்

கவிஞர் கோபப்படுவார் என்றுதான் காத்திருந்தேன். கோபத்தோடு வாதாட எனக்குத் தெரியும். அவரோ கைகூப்பினார். என்னைப் பார்த்தார், பிறகு கடைசி வரிசையை.

"பாப்பா சொன்னது நூத்துக்கு நூறு நெஜம். ஒழுவாம எழுதனது தப்புதான். வர்ற சம்பா பட்டத்துலேந்து நெலத்த நானே பயிர் வெச்சிக்கிறேன்."

அப்பாவைத் தவிர மண்டபமே கைதட்டியது. மதிப்புரையை இவ்வளவு முழுசாக ஏற்றுக்கொண்ட கவிஞரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.