குருநகரில் விற்ற வள்ளம்

குருநகர்க் கரையில் மழை தூறுகிறது. விற்றுவிட்ட நீல வள்ளம் ஒன்றை லொறியில் ஏற்றிக் கட்டுகிறார்கள். சாவகச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்த நான், பழைய லென்ஸ் பூட்டிய கமராவுடன் ஒதுங்கி நிற்கிறேன். இப்படி லென்ஸைக் கையால் திருகிப் படம் எடுப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. நாளுக்கொரு படமும் வீட்டுச் செய்தியும் அதில் போடுவோம்.

வள்ளக்காரரின் மனைவி என்னிடம் வருகிறார்.

"அண்ணை, என்னை வள்ளத்தோடை ஒரு படம் எடுத்துத் தாங்கோ. அவர் ஆசுப்பத்திரியிலை. வள்ளம் போக முந்தி ஒருக்காப் பாக்கோணுமாம்."

வள்ளம் முழுதும் தெரியட்டும் என்று முன்னால் தள்ளி வந்து நிற்கிறார். நான் வழமைபோல வளையத்தைத் திருகி, லென்ஸுக்குள் ஒளி வரும் துளையை முழுதாகத் திறக்கிறேன். அப்போதுதான் முகம் தெளிந்து பின்னால் உள்ளது கலங்கும். எங்கள் குழுவுக்கு அதுதான் பிடிக்கும்.

"உதென்ன அண்ணை, பைப் திறக்கிற மாதிரித் திருகிறியள்?"

லொறி உறுமுகிறது. லொறிக்காரரிடம் கொஞ்சம் நில்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவசரமாக அழுத்துகிறேன். லொறி போய்விடுகிறது.

படத்தைப் போனுக்கு மாற்றியதும் பழக்கத்தில் குழுவிலும் போடுகிறேன். கொக்குவில் நண்பர் உடனே எழுதுகிறார்: "கண்மயிரைக்கூட எண்ணலாம். பின்னாலை அப்பிடியே கரைஞ்சுபோச்சு. அருமை!"

போனை அந்தப் பெண்ணிடம் நீட்டுகிறேன். அவர் விரலால் பெருப்பித்துப் பார்க்கிறார். தோளுக்குப் பின்னால் நீலமாக ஒரு கறை மட்டும் இருக்கிறது.

"என்ரை முகம் அவருக்குத் தெரியும்தானே அண்ணை," என்கிறார். "வள்ளத்தையெல்லோ கேட்டவர்."