கிளி பார்க்க வந்தவள்

ஒருரோ நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள் நெல்வா. ஐம்பதைத் தாண்டிய தனிக்கட்டை. வருடத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற லீவில், ஒரு பையும் பைனாகுலருமாக பஸ் ஏறிவிடுவாள். சஹாமா, அம்போரோ, எல்லை தாண்டிப் பெரு நாட்டில் மானு என்று பூங்கா பூங்காவாகப் போய்ப் பறவை பார்ப்பாள். எல்லாம் அவளே எனக்குச் சொன்னது. பேசுவதற்கு வேண்டிய நேரம் இருந்தது. அவள் வந்த பஸ்ஸை மறித்து உட்கார வைத்ததே நாங்கள்தானே!

ஆற்றுக்குப் பாலம் கட்டித் தருகிறோம் என்றவர்கள் பாலத்தை மறந்துவிட்டு மறுபடியும் ஓட்டுக் கேட்டு வந்தார்கள். எங்களுக்குப் பொறுக்கவில்லை. கல்லை உருட்டி, முள்ளை வெட்டிப் போட்டு ரோட்டை அடைத்தோம். பஸ் மேலே போக வேண்டிய வழியில், கீழே இருக்கிற ஊர்க்காரர்களும் அவரவர் எல்லையில் அடைத்தார்கள். எங்கள் விவசாயிகள் சங்கத்தில் சட்டம் கறார். மறியலிலிருந்து எழுந்து போகிறவருக்கு வாய்க்காலில் முறைத்தண்ணீர் கிடையாது. தலைவர் கலிஸ்தோ நினைத்த நேரத்தில் பேர் கூப்பிடுவார். அறுவடைக்கு நின்ற சோளத்தை ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டு நானும் ரோட்டில் கிடந்தேன். வயல் காவலுக்கு ஆள் ஏது? இருக்கிற ஒரே மகளும் ஸ்பெயினில் யார் வீட்டுத் தரையையோ துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களைச் சபித்துக்கொண்டிருந்தார்கள். நெல்வா மட்டும் இறங்கி வந்து என்னிடம் கேட்டாள்.

"அக்கா, செம்பாறைக்குப் போக வேற வழி இருக்கா? பஞ்சவர்ணக்கிளி கூடு கட்டுமாமே, அந்தப் பாறைக்கு."

"அந்தத் திருட்டு மூதேவிகளைப் பாக்கவா இம்புட்டு தூரம் வந்த? என் சோளத்தைத் தின்னே கொழுத்த ஜென்மங்க!"

"இந்த ஜாதிக் கிளி உலகத்துலயே உங்க பள்ளத்தாக்குப் பக்கம்தான் இருக்கு அக்கா. போன தடவை மண்ணு சரிஞ்சு பாதியிலேயே திரும்பிட்டேன். இந்தத் தடவை நீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள், எனக்குத்தான் சுருக்கென்றது. "வேற வழி ஏது தாயி? நடந்து போற தூரமும் இல்ல. பாலம் வர்ற வரைக்கும் எங்களுக்கே வழி இல்ல" என்று சொல்லி, அவித்த சோளமும் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும் கொடுத்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே பெருமை அடித்தாள். "இத்தனை வருஷத்துல என்னைக் கண்டு ஒரு குருவிகூடப் பறந்து ஓடுனதில்ல அக்கா. மூச்சைக்கூட அடக்கிக்குவேன்."

"புருஷன் மட்டும் பறந்துட்டானாக்கும்?"

"அவன் எங்க பறந்தான்? வரவே இல்லையே!" என்று சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

கலிஸ்தோ பைனாகுலரைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, சும்மா தின்னுட்டு உக்காந்திருக்காதே. அந்தக் குழாயை வச்சுப் போலீஸ் வருதான்னு பாத்துச் சொல்லு" என்று அவளை மேட்டுப் பாறையில் ஏற்றிவிட்டார். துணைக்கு என்னையும் அனுப்பினார். பாவம், கிளி பார்க்க வந்தவளைப் போலீஸ் பார்க்க வைத்தோம். அதற்குள் டிரைவர் வந்து, விடிந்ததும் பஸ்ஸைத் திருப்பிவிடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அவளுடைய லீவும் அத்தோடு சரி. அவள் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது. "என்ன தெரியுது?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா."

ஒண்ணுமில்லையாம்! வாயெல்லாம் பல்லாக நிற்கிறாள். போலீஸைப் பார்த்து எவளாவது சிரிப்பாளா? பைனாகுலரை வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தேன். என் வயல். என் சோளம். தட்டைக்கு ஒன்றாகக் கிளி உட்கார்ந்து கதிரை உரித்துக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி, உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்றியா? நீ தின்னது அந்த வயல் சோளம்டி!"

அவள் முகம் செத்துப்போனது. "கொஞ்ச நேரம் பாத்துட்டுச் சொல்லலாம்னு..." என்று இழுத்தாள்.

நான் கலிஸ்தோவிடம் ஓடினேன். "தலைவரே, ஓடிப்போய் விரட்டிட்டு ஓடி வந்துடுறேன்." "போ. தண்ணியும் போகும்" என்றார். உனக்கு ஒரு சட்டம் எனக்கு ஒரு சட்டமா என்று எத்தனை பேரை நானே கேட்டிருக்கிறேன்? அங்கேயே நின்று அழுதேன்.

நெல்வா ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "எனக்கு உங்க சங்கம் கிடையாதே அக்கா" என்றாள். பைனாகுலரை என்னிடமே விட்டுவிட்டுத் தொடையளவுத் தண்ணீரில் இறங்கிப் போனாள்.

நான் பாறையில் ஏறிப் பார்த்தேன். வரப்பில் போய் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கிளிகூட அசையவில்லை. அவளும்தான் அசையவில்லை. "விரட்டுடி! உன் கால்ல விழறேன், விரட்டு!" என்று கத்தினேன். அக்கரைக்கு எங்கே கேட்கப்போகிறது? கதிர் மேல் கதிராகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அவள் இரண்டு கையையும் தூக்கித் தட்டினாள். கிளிகள் அத்தனையும் ஒன்றாக எழும்பி, பச்சையும் சிவப்புமாக ஒரு வட்டம் அடித்துப் செம்பாறைப் பக்கம் போய்விட்டன. அவள் தலையைத் தூக்கிப் பார்க்கவே இல்லை.

நனைந்த பாவாடையோடு திரும்பி வந்தாள். "நல்லாப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன்க்கா. கை நீட்டுனா தொடுற தூரம்." பைனாகுலரை வாங்கித் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "என்னைக் கண்டு பயந்து ஓடிருச்சு."

இன்னும் கொஞ்சம் சோளம் கொடுத்தேன். மடியிலேயே வைத்திருந்தாள்.

விடிந்ததும் பஸ் வந்த வழியே திரும்பிப் போனது. வெயில் ஏறியதும் கிளிகள் மறுபடியும் என் வயலில் இறங்கின. வெறும் கண்ணுக்குப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. பாறை மேல் நின்று, அவள் தட்டின மாதிரியே கையைத் தட்டினேன். ஒரு புள்ளியும் நகரவில்லை.

கீழே கலிஸ்தோ பேர் கூப்பிட ஆரம்பித்திருந்தார். "பசீலியா!"

"இங்கதான் இருக்கேன்" என்றேன். "வேற எங்க போவேன்?"