எட்டு வெடி ரிவால்வர்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். தமிழ் எழுத்து வீட்டில் அம்மா சொல்லிக் கொடுத்தது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காத ஆள் நான்; நாற்பது தாண்டியும் அது மாறவில்லை. பேசத் தெரியாதவளுக்கு எழுத மட்டும் தெரிந்துவிடுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் போன வாரம் இங்கே குவைத்தில், மங்காஃபில் எங்கள் தெருமுனைக் கடையில் பெருநாளுக்காகப் பொம்மைத் துப்பாக்கிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் எதை எடுப்பதென்று தெரியாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுடைய அப்பா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால் வாங்கப் போன நான் பாலை மறந்து வீடு திரும்பினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஒன்பது வயதில் நாங்கள் இதே குவைத்தில் அப்பாசியா பகுதியில் இருந்தோம். ஒரே பிளாட்டைப் பகிர்ந்துகொள்வது அங்கே வழக்கம். பெரிய அறையில் அப்பா, அம்மா, நான். சின்ன அறையில் யாழ்ப்பாணத்து அங்கிள். அவர் ஏதோ ஒரு ஆபீஸில் டைப் அடிக்கிற வேலையில் இருந்தார். சமையலறை அடுப்பில் இடப்பக்கம் எங்களுக்கு, வலப்பக்கம் அவருக்கு. அவருடைய மனைவியும் மகனும் ஊரில் இருந்தார்கள். அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. விசா வந்தால் கொழும்புக்குப் போகும் பாதை மூடியிருக்கும். பாதை திறந்தால் விசா தேதி முடிந்திருக்கும். இரண்டு வருடமாக இப்படியே போனது. இதெல்லாம் பெரியவர்கள் பேசிக் காதில் விழுந்ததுதான். எனக்கு அப்போது வேறு பெரிய கவலை இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் மொட்டை மாடியில் போலீஸ், திருடன் விளையாடுவோம். சட்டம் ஒன்றே ஒன்று. துப்பாக்கி வைத்திருப்பவன் போலீஸ் அல்லது திருடன். வைத்திராதவன் பிணம். நான் ஒரு வருடமாகப் பிணமாக இருந்தேன். சிமெண்ட் தரை சுட்டாலும் நெளியாமல் கிடப்பேன். நல்ல பிணம் என்று பெயர்கூட எடுத்திருந்தேன். பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குத் தோதான வேலைதான். ஆனாலும் எத்தனை நாள்தான் பிணமாகவே இருப்பது? இன்ஸ்பெக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. ஒரே சிக்கல், இன்ஸ்பெக்டர் "ஹேண்ட்ஸ் அப்" என்று கத்த வேண்டும். என்னால் அது முடியாது. நன்றாகச் சத்தம் போடுகிற துப்பாக்கியாக இருந்தால் கத்தாமலே சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"பொம்பளப் புள்ளைக்குத் துப்பாக்கியா?" என்றாள் அம்மா.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போதுதான் ஒரு குவைத்தி வீட்டில் டிரைவராக வந்து சேர்ந்திருந்தார். லீவு நாளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. "ஏன்க்கா, இவதான் வாயத் தொறக்க மாட்டேங்குறா. துப்பாக்கியாவது பேசட்டுமே" என்று அவர் எனக்காக வாதாடினார்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு மாமா என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். யாழ்ப்பாணத்து அங்கிளும் வந்தார். மனைவியும் மகனும் கொழும்பு வரை வந்துவிட்டார்கள், அடுத்த வாரம் விமானம் என்று தகவல் வந்திருந்தது. மகனுக்கு ஏதாவது வாங்க வேண்டுமாம்.

கடைக்காரர் தாடி வைத்த பாகிஸ்தான் பட்டாணி. கண்ணாடி மேசைமேல் மூன்று துப்பாக்கிகளை எடுத்து வைத்தார். முதலாவது கறுப்புப் பிளாஸ்டிக். விசையை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிந்து டிர்ர் என்றது. அது தையல் மிஷின் சத்தம். எந்தத் திருடனும் பயப்பட மாட்டான். இரண்டாவது சின்னது. கேப் ஒட்டிய காகிதச் சுருளை உள்ளே நுழைக்க வேண்டும். சொடக்குப் போட்டதுபோல் டிக் என்றது. மூன்றாவது வெள்ளி நிறத்தில், இரும்பில் செய்தது. கையில் வாங்கியபோது மணிக்கட்டு சாய்ந்தது. நடுவில் உள்ள உருளை பக்கவாட்டில் திறந்துகொள்ளும். எட்டுக் குழி உள்ள சிவப்பு வளையம் ஒன்றை அதில் பொருத்த வேண்டும். ஒவ்வொரு குழியிலும் கடுகளவு மருந்து. ஒரு வெடிக்கு ஒரு குழி உருளும்.

மாமா கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தார். குழலுக்குள் ஊதினார். கடைக் கண்ணாடி முன் நின்று குறிபார்த்தார்.

"எப்படிண்ணே? போலீஸ் மாதிரி இருக்கேனா?"

"கள்ளன் மாதிரிக் கிடக்கு, தம்பி" என்றார் அங்கிள்.

பட்டாணி சிரித்துக்கொண்டே வெள்ளித் துப்பாக்கியில் ஒரு வளையத்தைப் பொருத்தி, சுவரைப் பார்த்து ஒரு வெடி வெடித்துக் காட்டினார். கடையே அதிர்ந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அங்கிளைக் காணவில்லை. பென்சில் அலமாரிக்குப் பின்னால் தரையோடு குனிந்து உட்கார்ந்திருந்தார். ஷூ கயிறு கட்டுகிறார் போல என்று நினைத்தேன். அவர் போட்டிருந்தது செருப்பு.

எழுந்து வந்தவர் என் பக்கத்தில் நின்று, "இது வேண்டாம் பிள்ளை. சத்தம் கூட. உந்தச் சின்னன் காணும்" என்று டிக் என்ற சின்னத் துப்பாக்கியைக் காட்டினார்.

நான் வெள்ளித் துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அதுதான் என் பதில்.

"துப்பாக்கின்னா சத்தம் வரத்தானேண்ணே செய்யும்?" என்றார் மாமா.

"யல்லா பாய், ஜல்தி" என்றார் கடைக்காரர். பின்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

அங்கிள் தன் மகனுக்கு ஒரு வண்ணப் பென்சில் பெட்டி எடுத்துக்கொண்டார். பாவம் அந்தப் பையன், வந்தவுடனே பிணம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவன் தன் அம்மாவோடு வந்தான். என் வயதுதான். ஒல்லி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனை மாடிக்குக் கூட்டிப்போகும்படி அம்மா என்னிடம் சொன்னாள். மாடியில் எங்களுக்கெல்லாம் தலைவன் மூன்றாம் மாடி அண்ணன்.

"துப்பாக்கி இருக்காடா?"

"இல்லை."

"அப்ப நீ பிணம். இவ இன்ஸ்பெக்டர். இவ சுடுவா, நீ சாகணும். அவ்வளவுதான்."

பழைய பிணம் என்ற முறையில் நான் அவனுக்கு உதவ நினைத்தேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் தரை சுடாது. அந்த இடத்தைக் கையால் காட்டினேன். அவன் அதைப் பார்க்கத் திரும்பினான். அப்போது நான் சுட்டேன்.

ஒரு வருடம் பிணமாக இருந்த நான் ஒருநாள்கூட அப்படி விழுந்ததில்லை. நாங்கள் எல்லோரும் முதலில் மார்பைப் பிடிப்போம், தள்ளாடுவோம், முட்டி போட்டு மெதுவாகச் சாய்வோம். அவன் நின்றதும் தெரிந்தது, தரையில் கிடந்ததும் தெரிந்தது. நடுவில் ஒன்றும் தெரியவில்லை. குப்புற, முழங்கையை ஊன்றி, காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி கிடந்தான். பிள்ளைகள் எல்லோரும் கைதட்டினார்கள்.

"செம ஆக்டிங்டா!" என்றான் மூன்றாம் மாடி அண்ணன். பிறகு எல்லோரும் திருடனைத் துரத்திக்கொண்டு மாடியின் மறுகோடிக்கு ஓடிப்போனார்கள்.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அவன் எழுந்திருக்கவே இல்லை. நான் பக்கத்தில் போனேன்.

"போதும், எந்திரி."

முகத்தைத் தூக்காமலே கேட்டான். "முடிஞ்சுதோ?"

நான் வளையத்தைப் பார்த்து எண்ணினேன். "இல்ல. இன்னும் ஏழு இருக்கு."

அவன் மறுபடி முகத்தைத் தரையில் வைத்துக்கொண்டான்.

என் துப்பாக்கியைக் கேலி செய்கிறான் என்று எனக்குக் கோபம் வந்தது. அவன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். உருளையைத் திறந்து, சிவப்பு வளையத்தை எடுத்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன். "இங்க பாரு. இதான் வெடிச்சுது. பொட்டு மாதிரி."

ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு இன்னொன்றையும். வெடித்து முடிந்த குழியை விரலால் தொட்டான். விரலில் ஒட்டிய கரியை முகர்ந்து பார்த்தான்.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான்."

"உண்மையாவோ?"

"சத்தியமா."

எழுந்து உட்கார்ந்தான். முழங்கை சிராய்த்திருந்தது. "நான் ஒருக்கா அமத்திப் பாக்கட்டோ?" என்றான்.

ஒன்றுதானே என்று வளையத்தைப் பொருத்திக் கொடுத்தேன். கையைத் தூரமாக நீட்டி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அமுக்கினான். வெடித்ததும் தோளைக் குறுக்கினான். திருப்பித் தருவான் என்று நான் கையை நீட்டினால் இன்னொன்று வெடித்தான். பிறகு இன்னொன்று. நாலாவதற்குக் கண்ணைத் திறந்து வைத்திருந்தான். ஆறாவதற்குச் சிரித்தான். நான் எழுந்து நின்று, "என் கேப்பெல்லாம் தீருது! குடுறா!" என்று கத்தினேன். மறுகோடியில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அந்த மாடியில் என் குரலை அவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குள் ஏழாவதும் வெடித்துவிட்டது.

மாடிக் கதவருகில் அவனுடைய அப்பா நின்றிருந்தார். கையில், காயப்போடக் கொண்டுவந்த துணி வாளி. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. சத்தம் கூட என்று சொன்னவர் ஆயிற்றே, திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நான் துப்பாக்கியைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவர் திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வாளியிலிருந்த ஈரச் சட்டையால் துடைத்தார். மாட்டினார். திரும்பக் கழற்றித் துடைத்தார். ஈரத் துணியால் துடைத்தால் கண்ணாடி எப்படித் தெளியும், இதுகூடத் தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த துக்கமெல்லாம் அந்த ஏழு வெடியைப் பற்றித்தான். அம்மாவிடம் போய் அழுதேன். கோள் சொல்வதாக நினைத்து, அவன் விழுந்த விதத்தையும், கேட்ட கேள்வியையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அம்மா ஏன் என்னைக் கண்டிக்கவும் இல்லை, சமாதானம் செய்யவும் இல்லை, அடுப்பை அணைத்துவிட்டு ஏன் அப்படியே நின்றாள் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இருந்தது. சாயங்காலம் அங்கிள் ஆபீஸ் விட்டு வரும்போது ஒரு பெட்டி கேப் வாங்கி வந்து சமையலறை மேடையில் வைத்தார். பன்னிரண்டு வளையங்கள் இருந்தன. ஆறு எனக்கு, ஆறு அவனுக்கு.