ஜுல்ஃபிகரின் இடது கை

தாமுவே பேட்டையில் என் டீக்கடையை ஒட்டினாற்போல ஜுல்ஃபிகரின் கடிகாரக் கடை. முப்பது வருடமாக அவனுக்கு டீ கொடுத்தவள் நான். அவனைத் திருடன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அவன் உயிரெல்லாம் பழைய பிரெஞ்சுக் கடிகாரங்களில்தான். கடிகாரத்தின்மேல் வெண்கலத்தில் ஒரு பெண் சாய்ந்திருப்பாள், மேலெல்லாம் தங்க முலாம். அந்தக் காலத்தில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துத் தடவித் தீயில் காட்டுவார்களாம். அந்தப் புகையில் பல் கொட்டி, கை நடுங்கி, வேலைக்காரர்கள் இளவயதிலேயே செத்துப்போவார்களாம்.

"இவ மினுக்குறதுக்கு ஒருத்தன் உசுரு போயிருக்கு ராத்தா" என்பான், என்னை அக்கா முறை வைத்து.

"அப்புறம் எதுக்குடா துடைச்சுக்கிட்டே இருக்கே?"

"செத்தவனுக்கு வேற யாரு இருக்கா?"

போன மழைக்காலத்தில் ஒரு பகல். வட்டித்தொழில் பார்த்த குடும்பத்து ருக்மணியம்மாவின் மகன் கிருஷ்ணன், இரண்டு தடியர்களோடு கடைக்குள் புகுந்தான். கையில் அவர்கள் வீட்டுக் கடிகாரம். ஆறு வருடத்துக்கு முன் ஜுல்ஃபிகர் பழுதுபார்த்துக் கொடுத்தது. அதை விற்கப் போன இடத்தில், உள்ளே இருப்பது பிரெஞ்சு வேலையே இல்லை, யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"எங்கே பாய் எங்க மெஷின்?"

"அதுக்குள்ளதான் தம்பி இருக்கு."

பேச்சு அவ்வளவுதான். தடியர்கள் அவன் இடது கையை மேசைமேல் அழுத்திப் பிடித்தார்கள். கிருஷ்ணன் ஜுல்ஃபிகருடைய சுத்தியலையே எடுத்து விரல்கள்மேல் இறக்கினான். இரண்டு முறை. எலும்பு நொறுங்கிய சத்தம் என் அடுப்பு வரைக்கும் கேட்டது. ஓடிப்போய்க் கெண்டியிலிருந்த கொதிக்கிற டீயை ஒரு தடியன் முதுகில் ஊற்றினேன். அவன் என்னைச் சுவரில் அறைந்தான். உதடு கிழிந்தது. ஊற்றியதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

"அடுத்தது வலது கை" என்றான் கிருஷ்ணன்.

ஜுல்ஃபிகர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "பித்தளை டப்பிக்குள்ள ஸ்பிரிங் இருக்கு. செஞ்சவன் அதுல பேரையும் வருஷத்தையும் கீறி வச்சிருக்கான். கீழே நான் பழுதுபார்த்த தேதியும் என் பேரும் இருக்கு. பாத்துட்டு அடி."

இந்தத் தொழிலில் அது வழக்கம். கிருஷ்ணன் திருப்புளியை எடுத்தான்.

"திறக்காதே! சாவி முழுசா ஏறியிருக்கு. மொதல்ல இறக்கணும். நான் இறக்கித் தர்றேன்."

"நீ தொட்டா எதையாச்சும் மாத்திடுவே."

"தம்பி, வேணாம். கை போயிரும்."

நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். கை நொறுங்கிய பிறகும் எச்சரித்தானே, அவன் அப்படிப்பட்ட பிறவி. கிருஷ்ணன் கேட்கவில்லை. டப்பியைப் பிடித்திருந்த தட்டை நெம்பினான். கூடு பிளந்தது, டப்பி சுழன்று வாய் திறந்தது, ஸ்பிரிங் பாம்பு மாதிரிப் பாய்ந்தது. கிருஷ்ணனின் உள்ளங்கை மணிக்கட்டு வரை கிழிந்தது. கன்னத்திலும் ஒரு கீறல். பல்சக்கரங்கள் தரையெல்லாம் சிதறின. தடியர்கள் இரண்டு பேரும் ரத்தத்தைப் பார்த்ததும் ஓடிவிட்டார்கள். அவ்வளவுதான் அவர்கள் வீரம்.

ஜுல்ஃபிகர் ஸ்பிரிங்கை வலது கையால் எடுத்து, சட்டையில் ரத்தத்தைத் துடைத்து நீட்டினான். எனக்கு எழுத்துத் தெரியாது. கிருஷ்ணன்தான் வாசித்தான். பிரெஞ்சுக்காரன் பெயர், ஒரு பழைய வருடம். அதன்கீழே ஜுல்ஃபிகர், ஆறு வருடத்துக்கு முந்திய தேதி. வாசித்துவிட்டு அவன் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

என் தலைத்துணியை இரண்டாகக் கிழித்தேன். பெரிய துண்டை ஜுல்ஃபிகருக்குக் கட்டினேன், சின்னதைக் கிருஷ்ணனிடம் எறிந்தேன்.

ஒரு மாதம் கழித்து, கையில் தையல் தழும்போடு கிருஷ்ணன் தனியாக வந்தான். கடிகாரத்தின் துண்டுகளை ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தான்.

"இது உடைஞ்சதிலேருந்து அம்மா சரியா சாப்பிட மாட்டேங்குறாங்க பாய். நீங்களே சரி பண்ணிக் கொடுங்க. காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

ஜுல்ஃபிகர் மடங்காத மூன்று விரல்களை மேசைமேல் வைத்துக் காட்டினான். கோபமே இல்லை அவன் குரலில்.

"வேற ஆளைப் பாரு தம்பி. இந்த ஸ்பிரிங்கைச் சுருட்டி உள்ளே அடைக்க ரெண்டு கை வேணும்."