பறிக்காமல் விட்ட மருதாணி

உப்புக் கிணறு, பக்கத்திலேயே தோல் பதனிடுகிற ஷாப்பு. அப்படிப்பட்ட வீட்டு முற்றத்தில் மணக்கிற செடியாக எதை வைக்கலாம்? ஐம்பத்தெட்டாம் வருஷம் எங்கள் தெருக் காதர் பீவி கேட்டபோது, அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்த எனக்குப் பதில் தெரியவில்லை.

அவர் கேட்டது மருமகள் மெஹராஜுக்காக. பாலசமுத்திரத்துத் தென்னந்தோப்புக் காற்றில் வளர்ந்த பெண். திண்டுக்கல்லுக்கு வாழ வந்த நாளிலிருந்தே பச்சைத் தோல் நாற்றம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கர்ப்பமானதும் ஒரு வாய்ச் சோறு தங்கவில்லை. ஏழாம் மாதம் தாய்வீட்டுக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டாள்:

“பிள்ளையத் தூக்கிக்கிட்டு இந்த நாத்தத்துக்குத் திரும்பி வரமாட்டேனுங்க மாமி. உங்க மகனை அங்க வரச் சொல்லுங்க.”

நூர் அகமது ஒரே மகன். அவன் போய்விட்டால் வீட்டில் காதர் பீவி மட்டும்தான்.

உடனே மல்லிகைப் பதியன் வாங்கி வைத்தார். கிணற்றுத் தண்ணீர் பட்டு இலை ஓரமெல்லாம் கருகியது. பன்னீர் ரோஜா பத்து நாள்கூடத் தாங்கவில்லை. வேலியோர மருதாணி மட்டும் அதே தண்ணீரில் மதமதவென்று நின்றது. அந்தத் தெருவில் மருதாணி இல்லாத வீடு கிடையாது. கல்யாணம், பெருநாள் என்று கொழுந்தோடு உருவிவிடுவார்கள்; அதனால் அது பூத்து யாரும் பார்த்ததில்லை. கை எட்டாத மூலையில் ஒரு கொப்பு தப்பிப் பூத்திருந்தது. காதர் பீவி எட்டி வளைத்து முகர்ந்தார். அப்படி ஒரு மணம்; கொப்பை விட வெகுநேரமாயிற்று.

பெருநாளுக்கு முதல் நாள் பக்கத்து வீட்டு நர்கீஸ் கூடையோடு வந்தாள்.

“இந்தத் தடவை இலை இல்ல புள்ள.”

“இம்புட்டு நிக்குது, இல்லையாமே! மருதாணிக்குமாக்கா கஞ்சத்தனம்?”

“பூக்கட்டும்னு விட்டிருக்கேன்.”

“பூவையா அரைச்சுக் கையில பூசப் போறீக?”

தெருவே சிரித்தது. அந்தப் பெருநாளில் காதர் பீவியின் கையும் வெறுங்கைதான்.

மாமியார் ஆள்மேல் ஆள் விட்டுக் கெஞ்சியதால், பிள்ளை பெற்று நாற்பது நாள் கழிந்ததும், இரண்டு நாள் இருந்து பார்க்கிறேன் என்று மெஹராஜ் வந்தாள். வெயில் தாழ்ந்த நேரம். வேலி முழுக்க வெளிர்மஞ்சள் பூங்கொத்துகள். பிள்ளையோடு முற்றத்திலேயே நின்றுவிட்டாள்.

“நாத்தம் போகலீங்க மாமி.”

காதர் பீவி கை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

“ஆனா இந்த மூலையில இருக்க முடியுது. தொட்டிலை இங்க கட்டச் சொல்லுங்க.”

மூன்றாம் நாள் அவள் ஊருக்குக் கிளம்பவில்லை. அதற்கப்புறமும் கிளம்பவில்லை.

நல்ல தண்ணீர் இல்லாததால் செடியே வேண்டாம் என்று விட்டவர்கள் உங்களுக்குத் தெரிந்த இடத்தில் இருந்தால், காதர் பீவியின் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். கேட்டவர்களும் நாலு வீட்டுக்குச் சொல்லட்டும்.