பின்சக்கரத்துக்கு ஏற்ற டயர்

தகரம் வெட்டும் கத்தரியால் என் மாமியார் காரின் பின்பக்க மட்கார்டை வெட்டிய காட்சிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பட்டப்பகலில், வீட்டு வாசலில், தெருவே பார்க்க வெட்டினார். வெள்ளைச் சேலையின் முந்தானையை இடுப்பில் இறுகச் செருகியிருந்தார். எதிர்வீட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல், "என்ன ஆச்சி, நல்ல வண்டியைப் போயி இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டார். அத்தை தலையை நிமிர்த்தவே இல்லை. "புது டயரு உள்ள போகமாட்டேங்குது. டயரை வெட்ட முடியாதுல்ல, அதான் இதை வெட்டுறேன்" என்றார்.

அது அறுபதுகளின் தொடக்கம். திருமயத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் எங்கள் வீடு. மாமனார் லாரிகள் வைத்திருந்தார். மீமிசலிலிருந்து உப்பும் கருவாடும் புதுக்கோட்டைக்கு வரும். அங்கிருந்து அரிசியும் சாமானும் கடற்கரைக்குப் போகும். எந்த லாரி எங்கே போகவேண்டும் என்று வீட்டுக்குள் இருந்தபடியே முடிவுசெய்தவர் அத்தைதான். வெளியே போய்ச் சொன்னவர் மாமனார். அவர் காலமானதும், அவருடைய தம்பி லாரி ஷெட்டுச் சாவியை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. என் கணவர் பினாங்கில் கடையில் இருந்தார். வீட்டில் நானும் அத்தையும்தான்.

மாமனாரின் முதல் திவசத்தன்று, சாப்பிட்டு எழுந்த கையோடு சின்ன மாமனார் பேச்சை எடுத்தார். ஒரு ஜமீன் வீட்டிலிருந்து மாமனார் வாங்கிய பழைய அமெரிக்கக் கார் கொட்டகையில் நின்றது. எட்டு சிலிண்டர் வண்டி. மலாயாவில் இருந்த காலத்திலேயே கார் ஓட்டப் பழகியிருந்த அத்தை, சமீபமாக அதை வெளியே எடுக்கத் தொடங்கியிருந்தார். அதுதான் சின்ன மாமனாருக்கு உறுத்தல்.

"அந்தக் காரை வித்துப்புடுவோம் அண்ணி. லாரியை நான் பாத்துக்கிறேன். பொம்பளை கைக்கு வண்டி அடங்காது."

"அடங்குதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று அத்தை கேட்டார்.

"வேணும்னா பந்தயத்துக்கு வாங்களேன்" என்று சொல்லி அவர் சிரித்தார். யுத்தகாலத்தில் கட்டி, பிறகு கைவிடப்பட்ட ஒரு விமானத் திடலில் கார் வைத்திருப்பவர்கள் கூடிப் பந்தயம் விடுவார்கள். இரண்டிரண்டு கார்களாக, நின்ற இடத்திலிருந்து கிளம்பி, இரண்டு பர்லாங், அதாவது கால் மைல் தூரத்தை யார் முதலில் கடப்பது என்று பார்ப்பார்கள். சின்ன மாமனார் தம் புதுக் காரில் அங்கே பலமுறை ஜெயித்தவர்.

அத்தை சிரிக்கவில்லை. "வாரேன். தோத்தா காரும் ஒங்களுக்கு, ஷெட்டும் ஒங்களுக்கு. ஜெயிச்சா சாவி இங்கிட்டு வந்துரணும்."

கூடத்தில் இருந்த அத்தனை பங்காளிகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சின்ன மாமனாரால் பின்வாங்க முடியவில்லை.

சொல்லிவிட்டாரே தவிர, வழி எங்கள் இருவருக்கும் தெரியாது. நான் கல்லூரியில் அறிவியல் படித்தவள். என் படிப்பில் டயர் வரவில்லை. விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு ஆளரவமில்லாத நேரான தார்ச்சாலைக்குப் போவோம். பர்லாங் கற்கள் நட்டிருந்ததால் தூரத்துக்குக் கவலையில்லை. அத்தை ஓட்டுவார், நான் கடைசிக் கல்லருகே கடிகாரத்தோடு நிற்பேன். காரின் சொந்த டயர்கள் உயரமானவை, ஒடுங்கியவை. ஆக்சிலேட்டரை மிதித்ததும் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று புகைந்தன. பிடித்துக் கிளம்பிய பிறகும் வண்டி சோம்பலாகத்தான் வேகமெடுத்தது. அது முழு வேகத்தை எட்டும்போது கடைசிக் கல் தாண்டிப் போயிருக்கும்.

ஊரில் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். பெரிய சக்கரம் போடுங்கள், ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடும். நானும் அதைத்தான் நம்பினேன். இன்னும் உயரமான ஒரு ஜோடியை இரவல் வாங்கிப் போட்டோம். வண்டி முன்னைவிட மோசமாகக் கிளம்பியது. எரிச்சலில் நான், "அப்படின்னா சின்னதாப் போட்டுப் பாப்போமே அத்தை" என்றேன். போட்டோம். கார் துள்ளிக்கொண்டு கிளம்பியது; ஆனால் பாதி தூரத்திலேயே இன்ஜின் அலறத் தொடங்கிவிட்டது. சக்கரம் சிறிதானால் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றவேண்டும். இழுவை கூடும், ஆனால் இன்ஜினின் மூச்சு சீக்கிரம் முட்டிப்போகும். உயரமான சக்கரம் இதற்கு நேர்மாறு. இது எங்களுக்கு விளங்கிய நாளில், சாலையோரப் புளிய மரத்தடியில் உட்கார்ந்து இருவரும் சத்தமாகச் சிரித்தோம். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பிறகு தேடல் வேறானது. டயரில் சுண்ணாம்பால் கோடு போட்டு, காரை ஒரு சுற்று மட்டும் உருட்டி, தரையில் அடையாளமிட்டு அளப்போம். உயரத்தில் நடுத்தரம், அகலத்தில் தாராளம், அதுதான் எங்களுக்கு வேண்டியது. அகலம் தார்ச்சாலையைப் பிடிக்கும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஒரு கடையில், விபத்தில் நசுங்கிய காரிலிருந்து கழற்றிய ஒரு ஜோடி கிடைத்தது. அகல டயரை எங்கள் ஒடுங்கிய ரிம்மில் மாட்டினால் பிதுங்கி, ஓரம் தரையைத் தொடாது என்பதால் அந்த ரிம்மையும் சேர்த்தே வாங்கி, பட்டறையில் கொடுத்து எங்கள் காருக்குப் பொருந்தும்படி செய்துகொண்டோம். மட்கார்டு வெட்டுப்பட்டது அப்போதுதான்.

பந்தயத்தன்று திடலில் அமைப்பாளர் ஒருவர் எங்களை மறித்தார். "பெண்களுக்கு இதுல இடமில்லைங்க."

"அப்படி எழுதியிருக்கா?"

"எழுதலை. ஆனா..."

"எழுதலைன்னா வழியை விடுங்க."

சின்ன மாமனாரே குறுக்கிட்டு, "விடுங்க, வரட்டும்" என்றார். எல்லோர் முன்னாலும் அத்தை தோற்க வேண்டுமென்று அவர் விரும்பினார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவருடைய காரின் பின்னால் புத்தம்புது உயரமான டயர்கள் மின்னின. அத்தையின் வெள்ளைச் சேலையைப் பார்த்துக் கூட்டத்தில் யாரோ அபசகுனம் என்றார். அத்தை காதில் அது விழுந்திருக்கவேண்டும். கதவை அவர் அடித்துச் சாத்திய சத்தம் திடல் முழுக்கக் கேட்டது.

கொடி இறங்கியது. சின்ன மாமனாரின் சக்கரங்கள் புகைந்துகொண்டிருக்கும்போதே எங்கள் கார் கிளம்பிவிட்டது. பாதிவரை நடுவில் இடைவெளி இருந்தது. அதன்பின் அவர் நெருங்கினார். உயரமான டயர் வேலைசெய்ய ஆரம்பித்திருந்தது. எங்கள் இன்ஜினின் அலறல் உச்சத்துக்கு ஏறியது. காலை எடுங்கள் என்று எல்லைக்கோட்டருகே நின்றிருந்த நான் கத்தினேன். அத்தை காலை எடுக்கவில்லை. அரை பானெட் நீளம் முன்னால் எல்லையைக் கடந்தார்.

சின்ன மாமனார் இறங்கி வந்து, எங்கள் பின்சக்கரங்களை வெகுநேரம் பார்த்தார். "ஜெயிச்சது ஒங்க டயரு. நீங்க இல்லை அண்ணி."

"அந்த டயரைத் தேடிப் புடிச்சு மாட்டினது யாரு தம்பி?" என்றார் அத்தை. "சாவியைக் குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. பொம்பளையோடு போட்ட பந்தயமெல்லாம் பந்தயமா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வரும் வழியெல்லாம் நான் அழுதேன்.

மறுநாள் காலை வாசலில் இரைச்சல் கேட்டு எழுந்து போனேன். எங்கள் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. ஓட்டுநர்களில் மூத்தவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நாங்களும் திடலுக்கு வந்துதான் இருந்தோம் ஆச்சி. நேத்து ராத்திரியே வண்டியை ஷெட்டுல விடலை, இனிமேயும் விடமாட்டோம். இன்னைக்கு எங்கிட்டு போகணும், சொல்லுங்க" என்றார்.

அத்தை படியிறங்கித் தெருவுக்கே வந்து நின்றார். மாமனார் இருந்தவரை அவர் அங்கே நின்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"ரெண்டு வண்டி மீமிசலுக்கு. மத்தது புதுக்கோட்டைக்கு" என்றார், தெருக்கோடிவரை கேட்கும்படி.